தூசிக்கு அஞ்சும் உலோகம்

விமான எஞ்சினுக்குள் தணலாய்ச் சுழலும் நிக்கல் டிஸ்க்குகளின் கதை

2016 அக்டோபர் 28. சிகாகோ ஓஹேர் விமான நிலையம். மயாமிக்குக் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 767 ஓடுபாதையில் வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. மேலே எழும்பச் சில நொடிகளே பாக்கி. திடீரென வலப்பக்க எஞ்சினில் பெரும் சத்தம். விமானிகள் பிரேக்கை அழுத்தி விமானத்தை நிறுத்துவதற்குள் இறக்கையில் தீ பிடித்துவிட்டது. உள்ளே இருந்த 170 பேரும் அவசர வழிகளில் இறங்கி ஓடினார்கள். ஒருவருக்குப் பலத்த காயம், பலருக்குச் சிறு காயங்கள். உயிர்ச்சேதம் இல்லை.

உடைந்தது எஞ்சினின் உயரழுத்த டர்பைனில் இருந்த இரண்டாவது டிஸ்க். அதன் ஒரு துண்டு, சுமார் 26 கிலோ எடை, இறக்கையைத் துளைத்துக்கொண்டு பறந்து, 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருந்த யுபிஎஸ் கூரியர் கிடங்குக்குள் போய் விழுந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. டிஸ்க் உடைந்ததற்குப் பராமரிப்போ விமானிகளோ காரணமில்லை. அந்த டிஸ்க் 15,000 முறை பறக்க அனுமதி பெற்றது. 10,984 முறைதான் பறந்திருந்தது. 1997-ல் அதற்கான உலோகத்தை உருக்கியபோதே உள்ளே ஓர் அழுக்குப் புள்ளி தங்கிவிட்டது. அதைச் சுற்றி விரிசல் விட்டு, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, அன்று பிளந்தது. தயாரித்தபோது செய்த சோதனைகளிலும் பிறகு நடந்த சோதனைகளிலும் அது சிக்கவில்லை. சிக்கியிருக்கவும் முடியாது என்றது வாரியம்.

இந்த டிஸ்க்குகளை நிக்கலை அடிப்படையாகக் கொண்ட 'சூப்பர் அலாய்' என்னும் கலப்பு உலோகங்களில் செய்கிறார்கள். முக்கால் நூற்றாண்டாக உலகின் தலைசிறந்த உலோகவியலாளர்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியில் இருந்து பார்த்தால் இது வெப்பத்தை வென்ற கதை. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், வெப்பத்தை வெல்ல வெல்ல அழுக்குக்கு மேலும் மேலும் பயப்பட வேண்டியிருந்த கதை. இண்டிகோவின் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்க வழியின்றி நின்றதற்குப் பின்னால் இருப்பதும் இந்த இரண்டாவது கதைதான்.

16 டன் இழுவை

ஜெட் எஞ்சின் என்றாலே எல்லோரும் பிளேடுகளைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒற்றைப் படிகமாக வார்க்கப்பட்டவை, உள்ளே காற்று ஓடும் துளைகள், மேலே பீங்கான் பூச்சு, தன் உருகுநிலையைவிடச் சூடான வாயுவில் நின்று வேலை செய்பவை என்று புகழ் முழுக்க அவற்றுக்கே. அந்தப் பிளேடுகளைப் பிடித்துக்கொண்டு சுற்றும் டிஸ்க்கை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பிளேடின் எடை 300 கிராம். சுழலும் மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்று. பள்ளிக்கூட இயற்பியல் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டால், அந்தப் பிளேடு வெளிப்பக்கமாக இழுக்கும் விசை 16 டன்னைத் தாண்டுகிறது. ஒரு டிஸ்க்கின் விளிம்பில் இப்படி 60 பிளேடுகள் இருந்தால் மொத்தம் சுமார் 1,000 டன். இதோடு டிஸ்க்கின் சொந்த எடையும் சேர்ந்து இழுக்கும். நடுவில் தண்டு நுழையும் துளையைச் சுற்றியுள்ள பகுதிதான் இத்தனை இழுவையையும் தாங்கியாக வேண்டும்.

பிளேடு ஒன்று முறிந்தால் எஞ்சினின் வெளிக்கூடு அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்கிறதா என்று எஞ்சினை ஓடவிட்டு, வேண்டுமென்றே பிளேடை உடைத்துச் சோதித்த பிறகே அனுமதி தருகிறார்கள். டிஸ்க் விஷயம் வேறு. உடைந்த டிஸ்க்கைத் தடுக்கும் கூடு செய்தால் அதன் கனத்துக்கு விமானமே கிளம்பாது. ஆகவே விதி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: டிஸ்க் உடையவே கூடாது. 2010 நவம்பர் 4-ல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவான்டாஸின் ஏ380 விமானத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. அங்கே உலோகத்தில் பழுதில்லை; ஓர் எண்ணெய்க் குழாயின் விரிசலில் தொடங்கிய தீ கடைசியில் டிஸ்க்கைப் பிளந்தது. இறக்கையைக் கிழித்த துண்டுகள் விமானத்தின் மின்கம்பிகளையும் குழாய்களையும் அறுத்தெறிந்தன. 469 பேரோடு அதைப் பத்திரமாகத் தரையிறக்கியது விமானிகளின் சாமர்த்தியம்.

டிஸ்க்குக்கு எங்கிருந்து சூடு வருகிறது? எரியும் வாயு அதன் மேல் நேரடியாகப் படுவதில்லை. எஞ்சினின் முன்பகுதியில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரிலிருந்து காற்றை எடுத்துவந்து டிஸ்க்கைக் குளிர்விக்கிறார்கள். சிக்கலே அங்குதான். காற்றை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு எரிபொருள் மிச்சமாகும். கூடவே அழுத்தப்பட்ட காற்றும் சூடாகும். முதல் ஜெட் எஞ்சின்கள் காற்றை நான்கு மடங்குதான் அழுத்தின. இன்றைய பெரிய எஞ்சின்கள் 50 மடங்கு அழுத்துகின்றன. அங்கிருந்து வரும் 'குளிர்' காற்றே 600 டிகிரி செல்சியஸைத் தாண்டி இருக்கும். குளிர்விக்க வருவதே கொதிக்கக் கொதிக்க வந்தால், டிஸ்க்கின் விளிம்பு 650, 700 டிகிரியில் வேலை செய்யத்தான் வேண்டும். இருட்டில் பார்த்தால் இரும்பு மங்கலாகச் சிவந்து தெரிகிற சூடு அது. நாம் வாங்கும் டிக்கெட்டில் எரிபொருள் செலவு ஓரளவு கட்டுக்குள் இருப்பதற்கு இந்தச் சிவந்த விளிம்பும் ஒரு காரணம்.

சூட்டில் வலுக்கும் உலோகம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெட் எஞ்சின் செய்தவர்களின் கையில் எஃகுதான் இருந்தது. பிரிட்டனின் ஃபிராங்க் விட்டில் உருவாக்கிய எஞ்சின் 1941 மே 15-ல் கிரான்வெல்லில் முதல்முறை பறந்தபோதும் எஃகையே நம்பியிருந்தது. நிக்கல் கிடைக்காமல் திண்டாடிய ஜெர்மனியின் யூமோ 004 எஞ்சின் சில பத்து மணி நேரம் ஓடினாலே பெரிய விஷயம். பிறகு கழற்றி மாட்ட வேண்டியதுதான். பிரிட்டனில் மாண்ட் நிக்கல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், மின்சார அடுப்புச் சுருளுக்குப் பயன்பட்ட நிக்கல்-குரோமியக் கலவையை எடுத்து அதில் கொஞ்சம் டைட்டானியமும் அலுமினியமும் சேர்த்தார்கள். 'நிமோனிக்' வரிசை அப்படித்தான் பிறந்தது. முதலில் பிளேடுகளுக்குத்தான் அது போனது. டிஸ்க்குகள் அதன் பிறகும் பல ஆண்டுகள் எஃகிலேயே இருந்தன.

அந்தக் கொஞ்சம் அலுமினியமும் டைட்டானியமும் உள்ளே என்ன செய்கின்றன என்பது, இந்தத் துறையில் எனக்கு எப்போதுமே அலுக்காத விஷயம். உலோகம் வளைவது என்றால், அணு அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி நகர்வது. முழு அடுக்கும் ஒரே நேரத்தில் நகராது. வரிசையில் ஏற்படும் ஒரு கோடு போன்ற பிசகு அடுக்கின் ஊடாக ஊர்ந்து போகும். 'இடப்பெயர்ச்சி' என்று அதற்குப் பெயர். உலோகத்தைச் சூடாக்கினால் இந்த ஊர்தல் எளிதாகும். அதனால்தான் கொல்லன் இரும்பைக் காய்ச்சி அடிக்கிறான்.

நிக்கல் சூப்பர் அலாயில் நிக்கல் அணுக்கள் மூன்றுக்கு ஓர் அலுமினியம் என்ற கணக்கில் சேர்ந்து, தனித்தனி நுண்துகள்களாகப் படிந்து நிற்கும். உலோகவியலில் இதைக் 'காமா பிரைம்' என்பார்கள். பலவும் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுகூட இருக்காது. இந்தத் துகளுக்குள் ஒவ்வொரு அணுவுக்கும் குறிப்பிட்ட இருக்கை உண்டு. ஊர்ந்து வரும் பிசகு உள்ளே நுழைந்தால் இருக்கைகள் கலைந்துவிடும். அதைச் சரிசெய்ய இன்னொரு பிசகு பின்னாலேயே வர வேண்டும். ஆகவே அவை இரண்டிரண்டாகத்தான் போக முடியும். சூடு ஏற ஏற, இந்த ஜோடியில் ஒரு பகுதி வேறொரு தளத்துக்குத் தாவி அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அப்புறம் அசையாது. விளைவு, 800 டிகிரி வரை சூடாக்கச் சூடாக்கக் காமா பிரைம் வலுவடைகிறது! உலோகங்கள் எல்லாம் நெகிழ்கிற இடத்தில் இது இறுகுகிறது.

அப்படியென்றால் காமா பிரைமை அள்ளிக் கொட்டிவிட வேண்டியதுதானே? பிளேடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். பாதிக்கு மேல் அதுதான். டிஸ்க்கில் முடியாது. டிஸ்க்கை அடித்து உருவாக்க வேண்டும். சூட்டிலும் வளையாத உலோகத்தை எந்தச் சூட்டில் வைத்து அடிப்பது?

1950-களில் இதற்கு முதல் கதவைத் திறந்தது வெற்றிடம். அலுமினியமும் டைட்டானியமும் காற்றைக் கண்டால் உடனே ஆக்சைடாகிவிடும். காற்றில் உருக்கினால் சேர்த்ததில் பாதி கசடாகப் போகும். நியூயார்க் மாநிலத்தின் யூடிகாவில் ஃபாலி டர்மாரா என்பவர் வெற்றிடத்துக்குள் தூண்டல் உலையில் உருக்கும் முறையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். அதுவரை எட்டாக் கனியாக இருந்த அலாய்கள் கைக்கு வந்தன.

அடுத்தது இன்கோனெல் 718. மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டனில் ஹெர்பர்ட் ஐசெல்ஸ்டைன் உருவாக்கி, 1962-ல் காப்புரிமை பெற்றது. அவர் நியோபியத்தை 5 சதவீதம் அளவுக்குச் சேர்த்தார். வலுவூட்டும் துகள் மெதுவாகப் படிகிற அலாய் இது. அடிக்கலாம், பற்றவைக்கலாம், விலையும் கட்டுப்படியாகும். இன்றைக்கும் உலகில் மிக அதிகம் புழங்கும் சூப்பர் அலாய் இதுதான். ஆனால் 650 டிகிரிக்கு மேல் அந்தத் துகள்கள் நிலைகுலைந்து வேறு உருவம் எடுத்துவிடும். சிகாகோவில் உடைந்த டிஸ்க்கும் 718-தான். சூட்டால் அது உடையவில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

கட்டியிலிருந்து பொடிக்கு

குச்சி ஐஸை உறிஞ்சினால் சாயமும் இனிப்பும் முதலில் வந்துவிட்டு வெறும் வெள்ளைப் பனி மிஞ்சும், ஞாபகமிருக்கிறதா? தண்ணீர் உறையும்போது சர்க்கரையை ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுக்கப்பட்டது கடைசியாக உறையும் இடங்களில் போய்ச் சேர்கிறது. உருகிய அலாய் வார்ப்பில் உறையும்போதும் இதே கூத்துதான். சில டன் எடையுள்ள கட்டி மெல்ல உறைகையில் நியோபியம், டைட்டானியம் போன்றவை ஓரிடத்தில் குவிந்துவிடும், இன்னோரிடத்தில் அறவே இல்லாமல் போகும். குவிந்த இடம் கருமையான தேமலாகத் தெரியும். இல்லாமல் போன இடம் வெள்ளைப் புள்ளி. அந்த வெள்ளைப் புள்ளியோடு ஆக்சைடு அழுக்கும் சேர்ந்துவிட்டால் சிகாகோதான்.

இதைக் குறைக்க இன்று கட்டியை ஒருமுறை அல்ல, மூன்று முறை உருக்குகிறார்கள். முதலில் வெற்றிடத் தூண்டல் உலை. பிறகு கசடுக் குளத்தின் வழியே சொட்டவிட்டு அழுக்கை நீக்கும் மின்கசடு உலை. கடைசியாக வெற்றிட வில் உலை. இத்தனைக்குப் பிறகும், அலாயில் சரக்கு ஏற ஏறக் கட்டி வெடிக்கிறது, தேமல் கூடுகிறது. 1960-களின் பிற்பகுதியிலேயே இந்த வழி முட்டுச்சந்தில் வந்து நின்றிருந்தது.

அப்போது வந்த யோசனை துணிச்சலானது. கட்டியாக உறைந்தால்தானே பிரச்சினை? பொடியாக உறையவைப்போம். உருகிய அலாய் மெல்லிய தாரையாக விழும். அதன் மேல் ஆர்கான் வாயுவைப் பீய்ச்சியடித்தால் தாரை சிதறி, நொடிக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிர்ந்து உருண்டைப் பொடியாக விழும். ஒவ்வொரு பொடியும் தனித்தனி வார்ப்பு. பிரிந்து ஒதுங்க உலோகத்துக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. பொடியைச் சல்லடையில் சலித்து, எஃகு டப்பாவில் அடைத்து, காற்றை உறிஞ்சி, மூடி, 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பெரும் அழுத்தத்தில் நசுக்கினால் ஒரே திடக் கட்டியாகும்.

அதை டிஸ்க்காக அடிப்பது எப்படி என்ற கேள்விக்கு ஃபுளோரிடாவில் இருந்த பிராட் அண்ட் விட்னி ஆய்வுக்கூடம் பதில் கண்டுபிடித்தது. பொடியிலிருந்து வந்த கட்டியில் படிக மணிகள் மிக நுண்ணியவை. சரியான சூட்டில், மிக மெதுவாக அழுத்தினால் அது முறியாமல், பிசைந்த மாவுபோல் அச்சுக்குள் வழிகிறது. நிபந்தனை என்னவென்றால் அச்சும் அதே சூட்டில் இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் எஃகு அச்சு தாங்காது. மாலிப்டினம் அச்சு வேண்டும். மாலிப்டினம் காற்றில் எரிந்து புகையாகிவிடும்; ஆகவே முழு அழுத்து இயந்திரத்தையும் வெற்றிடத்துக்குள் வைக்க வேண்டும். இத்தனை பாடும் பட்டு வந்த முறைக்கு அவர்கள் 'கேட்டரைசிங்' என்று பெயர் வைத்தார்கள். ஃபுளோரிடா சதுப்பு நிலத்து முதலைகளின் நினைவாக! எஃப்-15 போர் விமானத்தின் எஃப்100 எஞ்சினுக்கு டிஸ்க்குகள் இந்த வழியில் வந்தன.

இதில் ஒரு பேரம் ஒளிந்திருந்தது. கட்டியில் இருந்த பெரிய குறை, பொடியில் நுண்ணிய குறைகளாகச் சிதறிப்போனது உண்மை. ஆனால் உருக்கும் மூசையின் பீங்கான் துணுக்கு, குழாயின் துரு, முந்தைய சரக்கின் மிச்சம், பொடியை மூடும் மெல்லிய ஆக்சைடு படலம் என்று புதிதாக நுழையக்கூடியவை வரிசை கட்டி நின்றன. அலாய் வலுவானது என்பதால் டிஸ்க்கை மெலிதாக்கி, அதிக வேகத்தில் சுற்றவிட்டார்கள், இழுவை கூடியது. இழுவை கூடக் கூட, விரிசலைத் தொடங்கிவைக்கத் தேவையான துணுக்கின் அளவு குறைந்துகொண்டே வரும். பழைய எஃகு டிஸ்க் அலட்சியம் செய்திருக்கும் துணுக்கை இது மன்னிக்காது.

1980 செப்டம்பர் 8-ல் அந்தப் பேரத்தின் விலை தெரிந்தது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சிக்கு வந்திருந்த புத்தம்புதிய எஃப்-18 விமானம் அங்கிருந்து கிளம்பிய பிறகு விழுந்தது. இரண்டு விமானிகளும் குதித்துத் தப்பினார்கள். எஃப்404 எஞ்சினின் டர்பைன் டிஸ்க் உடைந்திருந்தது. ரெனே 95 என்ற அலாயின் பொடியை நசுக்கி, அடிக்காமலேயே கடைந்து எடுத்த டிஸ்க் அது. அடிக்கும் செலவை மிச்சப்படுத்துவதுதான் அந்த வழியின் கவர்ச்சி. அந்த விபத்துக்குப் பிறகு, பொடிக் கட்டியைக் குறுகிய துளை வழியே பிதுக்கி, பின்னர் அடித்து, உள்ளிருக்கும் படலங்களை உடைத்துச் சிதறடிப்பது வழக்கமானது. சல்லடைக் கண்ணும் சுருங்கியது. இன்று 270 மெஷ், அதாவது 53 மைக்ரானுக்கு மேற்பட்ட எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது பரவலான கட்டுப்பாடு. நம் தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனால் சல்லடை உருண்டையைத்தான் நன்றாகத் தடுக்கும். நீளமான மெல்லிய துணுக்கு நெட்டுக்குத்தாக நழுவிப் போய்விடலாம்.

ஒரே தட்டில் இரண்டு உலோகம்

டிஸ்க்கின் நடுப்பகுதியும் விளிம்பும் கேட்பவை வெவ்வேறு. நடுவில் சூடு குறைவு, இழுவை அதிகம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருமுறை இழுத்து விடப்படுகிறது. அதற்குப் பொடிப்பொடியான படிக மணிகள்தான் நல்லது. விளிம்பில் சூடு அதிகம். உலோகம் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும் 'கிரீப்' அங்கே எதிரி. மணிகளின் ஓரங்கள் வழியாக ஆக்ஸிஜனும் நுழைந்து விரிசலை வளர்க்கும். ஓரங்கள் குறைவாக, மணிகள் பெரிதாக இருந்தால் விளிம்பு தாக்குப்பிடிக்கும்.

1990-களில் அமெரிக்காவின் நாசா, ஜெனரல் எலக்ட்ரிக், பிராட் அண்ட் விட்னி மூவரும் ஒலியைவிட வேகமான பயணிகள் விமானம் ஒன்றுக்காகச் சேர்ந்து உழைத்தார்கள். விமானம் வரவில்லை. எம்இ3 என்ற டிஸ்க் அலாய் வந்தது. திட்டம் செத்தாலும் உலோகம் பிழைத்துக்கொண்டது. கிளீவ்லாந்தில் உள்ள நாசா ஆய்வுக்கூடம் தொடர்ந்து வேலை செய்து, ஒரே டிஸ்க்கில் இரண்டு விதமான மணிகளை வரவழைக்கும் வெப்பப் பக்குவத்தை எளிமையாக்கிக் காட்டியது. டிஸ்க்கின் நடுவே மேலும் கீழும் கனத்த உலோகக் கட்டிகளை வைத்து, வெப்பம் புகாதபடி மூடி, உலையில் தள்ளுகிறார்கள். விளிம்பு 1,150 டிகிரியை ஒட்டிய எல்லையைத் தாண்டும். அங்கே காமா பிரைம் முழுதும் கரைந்து மணிகள் வளரும். கட்டிகளின் மறைவில் இருக்கும் நடுப்பகுதி அந்த எல்லையைத் தொடுவதற்குள் டிஸ்க்கை வெளியே இழுத்துவிட வேண்டும். வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவி நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் மணிகள் சில மைக்ரான்களே இருக்கும். விளிம்பை நோக்கி நகர்த்தினால் ஓரிடத்தில் திடுமெனப் பெரிதாகத் தொடங்கும். ஒட்டு இல்லை, பற்றவைப்பு இல்லை, ஒரே உலோகம்.

பிரிட்டனின் ஆர்ஆர்1000, பிரான்ஸின் என்18 என ஒவ்வொரு நாடும் தனக்கென ஓர் அலாயை வைத்திருக்கிறது. எல்லாமே 700 டிகிரிக்கு முன்னும் பின்னும்தான் நிற்கின்றன. முக்கால் நூற்றாண்டுப் பாடுபட்டு, எஃகிலிருந்து இங்கே வந்திருக்கிறார்கள்.

2023: சல்லடை தவறவிட்டது

2023 ஜூலை 25. பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனமான ஆர்டிஎக்ஸ், தன் காலாண்டுக் கணக்கோடு ஓர் அறிவிப்பையும் வெளியிட்டது. 2015 கடைசியிலிருந்து 2021 செப்டம்பர் வரை தயாரித்த உலோகப் பொடியில், அதாவது பவுடரில், மாசு கலந்திருக்கலாம். அந்தப் பவுடரில் செய்த டிஸ்க்குகள் எதிர்பார்த்ததைவிட முன்னதாக விரிசல் விடக்கூடும். ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்களில் இருக்கும் ஜிடிஎஃப் எஞ்சின்கள் இதில் மாட்டின. அன்றே பங்கு விலை பத்து சதவீதம் சரிந்தது.

முன்னறிகுறிகள் இல்லாமல் இல்லை. 2020 மார்ச்சில் அதே நிறுவனத்தின் பங்களிப்பில் உருவான வி2500 எஞ்சின் பொருத்திய ஏ321 விமானத்தில் டர்பைன் டிஸ்க் உடைந்து, துண்டுகள் எஞ்சின் மூடியைக் கிழித்து வெளியேறின. 2022 டிசம்பர் 24-ல் ஒரு ஏ320 நியோ, ஓடுபாதையிலேயே பயணத்தைக் கைவிட்டது. அங்கே உடைந்தது கம்ப்ரஸரின் ஏழாவது சுழலி. இரண்டுக்கும் மூலம் உலோகத்தின் உள்ளே இருந்த குறை.

2023 செப்டம்பரில் கணக்கு விரிந்தது. 2026 வரை கூடுதலாக 600 முதல் 700 எஞ்சின்களை இறக்கிப் பிரிக்க வேண்டும். ஓர் எஞ்சின் உள்ளே போய்த் திரும்ப 250 முதல் 300 நாட்கள். மொத்தச் செலவு 600 முதல் 700 கோடி டாலர். அதில் பாதியளவு ஆர்டிஎக்ஸின் தலையில். உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான விமானங்கள் எஞ்சின் இல்லாமல் நின்றன. கடுமையாக அடிபட்டவர்களில் ஒருவர் இண்டிகோ. 2019-லேயே அடுத்த 280 விமானங்களுக்குப் போட்டி நிறுவனமான சிஎஃப்எம்மின் லீப் எஞ்சினை அது தேர்ந்தெடுத்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த ஜிடிஎஃப் விமானங்களை என்ன செய்வது? வாடகைக்குப் பழைய விமானங்களைத் தேடியலைந்தார்கள்.

விமானங்கள் கீழே விழவில்லையே, இவ்வளவு பதற்றம் எதற்கு என்று கேட்கலாம். டிஸ்க்கின் ஆயுளைக் கணக்கிடும் விதத்தில் இருக்கிறது பதில். ஆயிரம் டிஸ்க்குகளில் ஒன்றில் 0.75 மில்லிமீட்டர் விரிசல் தோன்றும் என்று கணக்குச் சொல்கிற நாளில், ஆயிரத்தையும் கழற்றிக் குப்பையில் போட வேண்டும். மீதி 999-ம் நன்றாகத்தான் இருக்கும். தெரிந்தேதான் எறிகிறார்கள். பவுடர் சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் போட்ட கணக்கு அது. பவுடரில் சந்தேகம் வந்த நிமிடம் கணக்கு முழுவதும் செல்லாது. ஆறு வருடத்து டிஸ்க்குகளில் எது கெட்டது என்று யாருக்கும் தெரியாததால், எல்லாவற்றையும் எடுத்துக் கோணம் மாற்றி மாற்றி மீயொலி பாய்ச்சிப் பார்க்க வேண்டியதாயிற்று. நேர்க்கோட்டில் போகும் மீயொலிக்குக் கத்தி முனைபோல் நிற்கும் விரிசல் தெரியாது. சாய்த்துப் பாய்ச்சினால் தெரியலாம். இதற்காக எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும். அந்த 300 நாட்களில் ஒரு பங்கு இங்கே கரைகிறது.

என் அபிப்பிராயம், பவுடரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய முறையில் உருக்கிய டிஸ்க்கும் சிகாகோவில் உடைந்ததுதான். பவுடர் வழியில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வார்ப்புக் கட்டி கெட்டால் அதிலிருந்து வந்த சில டிஸ்க்குகள் கெடும். பவுடர் ஆலையில் ஒழுங்கு தளர்ந்தால் பல ஆண்டுச் சரக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும். குறையை நுண்ணியதாக்கிய அதே முறை, அதைப் பரவலாகவும் ஆக்கிவிட்டது.

நம் பக்கத்தில்

இந்தியா 1989-ல் காவேரி எஞ்சின் திட்டத்தை பெங்களூருவின் எரிவாயு டர்பைன் ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. தேஜஸ் விமானத்துக்காகத் தொடங்கிய அந்த எஞ்சின் தேஜஸில் ஏறவில்லை. இன்று தேஜஸ் பறப்பது அதே எஃப்404 குடும்பத்து எஞ்சினில். காவேரி ஏன் எட்டவில்லை என்பதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். எஞ்சினை வரைவது ஒன்று, அது கேட்கும் உலோகத்தைச் செய்து கொடுப்பது வேறொன்று என்பது அவற்றில் முக்கியமானது.

உலோகப் பக்கத்தில் நாம் வெறுங்கையோடும் இல்லை. ஹைதராபாத்தின் மிஸ்ர தாது நிகம் 1973-ல் தொடங்கப்பட்டது. 718 உள்ளிட்ட நிக்கல் அலாய்களை உருக்கித் தருகிறது. அதே ஊரில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம் 2,000 டன் அழுத்து இயந்திரத்தில் சம வெப்பநிலையில் அடிக்கும் முறையைக் கைப்பிடித்து, கம்ப்ரஸரின் ஐந்து நிலைகளுக்கான டிஸ்க்குகளைச் செய்ததாக 2021 மே மாதம் அறிவித்தது. அவை டைட்டானியம் டிஸ்க்குகள். ஜாகுவார், ஹாக் விமானங்களின் அடூர் எஞ்சினுக்கானவை. நிக்கலுக்கு இன்னும் அதிகச் சூடு, இன்னும் கடினமான அச்சு வேண்டும். ஆனால் வித்தை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த இயந்திரத்தை நிறுவி ஓட்டிக் கற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

2023 ஜூனில் ஜெனரல் எலக்ட்ரிக்கும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் எஃப்414 எஞ்சினை இங்கே கூட்டாகத் தயாரிப்பதற்கான புரிந்துணர்வை அறிவித்தன. கைமாறப்போகும் தொழில்நுட்பங்கள் என்று செய்திகளில் ஒரு பட்டியல் வந்தது. அதில் பவுடர் டிஸ்க்குகளைக் கடைந்து முடிக்கும் வேலை இருந்தது. அதுவும் லேசுப்பட்ட வேலையல்ல. 1996 ஜூலையில் பென்சகோலாவில் டெல்டா விமானத்தின் எஞ்சின் உடைந்து இரண்டு பயணிகள் இறந்தார்கள். விசாரணையில் உலோகம் நல்லது, அதில் ஒரு துளையிட்டபோது சூடு ஏறி உட்சுவர் கெட்டிப்பட்டதுதான் காரணம் என்று தெரிந்தது. டிஸ்க் விளிம்பில் பிளேடு செருகும் பள்ளங்களை அறுப்பதற்கே தனி இயந்திரம், தனிக் கைத்திறன், தனிச் சோதனை. இதைக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் பிடிக்கும். கற்றுக்கொண்டால் நமக்கு லாபம்தான்.

பவுடர் செய்து, சலித்து, டப்பாவில் அடைத்து, அழுத்தி, அடித்துத் தரும் வேலை அந்தப் பட்டியலில் இருந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.